ஊட்டியிலிருந்து அந்தமான்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில்

ஊட்டியும் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. இது 11.4 டிகிரி வடக்கு, அது 11.7. ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பிலிருந்து நேர் கிழக்கே கோடு போட்டுக்கொண்டே போனால் வங்கக் கடலைத் தாண்டி அந்தமானில்தான் போய் முட்டும். வித்தியாசம் இரண்டே இரண்டு: நாம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், அவர்கள் கடல் மட்டத்தில். அவர்கள் நமக்கு 16 டிகிரி கிழக்கே. அந்தமான் பயணக் குறிப்புகள் பெரும்பாலும் சென்னைக்காரரையோ பெங்களூருக்காரரையோ மனதில் வைத்து எழுதப்படுகின்றன. மலையில் இருந்து இறங்கிப் போகிறவருக்கு இந்த இரண்டு வித்தியாசமும் சேர்ந்து வேறு கணக்கு போடும். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

முதலில் பெயர்க் குழப்பம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு சுவராஜ் தீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் தீப் ஆனது, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர் வரும். இங்கே பழைய பெயரையே எழுதுகிறேன்.

தேதியை தினசரி காலண்டரில் பாருங்கள்

சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் குடும்பம் என்றால் ஏப்ரல், மே மாதங்களில் மலையை விட்டு அசைய முடியாது. அது நல்லதுக்குத்தான். மே மூன்றாம் வாரத்திலேயே தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும். கப்பல்கள் ரத்தாவதும் அதோடு தொடங்கும். அக்டோபர், நவம்பரில் புயல் பயம். டிசம்பர் கடைசியில் நாடே அங்கே இருக்கும், அறை வாடகை ஏறிக் கிடக்கும். கடல் கண்ணாடி மாதிரி கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில். நம் ஊரில் முதல் சீசன் தொடங்குவதற்கு முன் கையோடு கை சும்மா இருக்கும் மாதங்களும் அவையேதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் ஒட்டிக்கொள்ளலாம்.

மாதம் முடிவானதும் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்து அமாவாசை எப்போது என்று பாருங்கள். ராகுகாலத்துக்காக இல்லை, ஓதத்துக்காக. அந்தமானில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே சுமார் 2 மீட்டர் வித்தியாசம் வரும். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட வராது. வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே முதல் நாள் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் மற்ற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இது எதற்கு உதவும்? நீல் தீவின் லட்சுமண்பூர் கரையில், உள்ளூரில் ஹவுரா பாலம் என்று சொல்லும் இயற்கையான பாறை வளைவு இருக்கிறது. கடல் வற்றியிருந்தால்தான் அதன் அடிவரை நடக்க முடியும். ஏற்ற நேரத்தில் போனால் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நன்றாக வற்றிய நாளில் வழியெங்கும் குட்டிக் குட்டி உப்புநீர்க் குட்டைகள் விட்டுப்போயிருக்கும். உள்ளே கடல் அட்டை, நட்சத்திர மீன், சுண்டுவிரல் அளவு நீல மீன்கள். பழைய பவளம் இறுகிய தரை, வழுக்கும், காலைக் கீறும். ஹவாய் செருப்பு இங்கே ஆபத்து. பின்வார் வைத்த ரப்பர் செருப்பு போதும். கடல் முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், ஏறத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

ஹேவ்லாக்கில் இரவு நேரத்தில் கயாக் ஓட்டிக் கடல் ஒளிர்வதைப் பார்க்கலாம். தண்ணீரைக் கலக்கினால் நுண்ணுயிர்கள் நீலமாக மின்னும். துடுப்பை இழுத்த தடம் முழுக்க மின்னல் கீற்று. நிலா வெளிச்சம் இருந்தால் இதில் பாதி கூடக் கண்ணுக்குத் தெரியாது. பௌர்ணமி வாரத்தில் காசு கொடுத்துப் போய்விட்டு "ஒண்ணும் தெரியலை" என்று புலம்புகிறவர்கள் நிறைய.

ஆகவே அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் போர்ட் பிளேரில் இறங்குவதுதான் என் பரிந்துரை. முதல் ராத்திரி அங்கே. அடுத்த மூன்று ராத்திரி ஹேவ்லாக், கடைசி ராத்திரி அமாவாசை. மறுநாள் நீல். ஆறாம் நாள் போர்ட் பிளேர் திரும்பி, ஏழாம் நாள் விமானம். கப்பல்கள் இந்த மூன்று இடங்களையும் முக்கோணமாகச் சுற்றுவதால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. கப்பல் வரும் நாளிலேயே விமானம் போடாதீர்கள். காற்று கொஞ்சம் எழுந்தால் கப்பல் நிற்கும், விமானம் உங்களுக்காக நிற்காது.

ஐந்து மணிக்கு இருட்டு

கடிகாரம் ஒன்றுதான், சூரியன் அங்கே ஒரு மணி நேரம் முந்தி. டிசம்பரில் ஊட்டியில் ஆறு மணி தாண்டி மறைகிற சூரியன் போர்ட் பிளேரில் ஐந்து மணிக்கே மறைந்துவிடும். பிப்ரவரியில் ஐந்தரை. விடிவதும் ஐந்தரை வாக்கில். மூடுபனி விலகி வெயில் விழ எட்டு மணியாகட்டும், அதற்குப் பிறகு குளிக்கலாம் என்கிற நம் பழக்கம் அங்கே அரை நாளை விழுங்கிவிடும். இரவுக் கயாக் தவிர, தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாமும் மதியம் மூன்றுக்குள் முடிந்துவிடும். ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க நாலரைக்கே உட்கார்ந்துவிட வேண்டும். கிழக்கே காலாபத்தர் கரையில் விடியல் பார்க்க ஐந்துக்கு ஸ்கூட்டரைக் கிளப்ப வேண்டும். ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டால் எல்லாம் தானாக அமையும்.

கப்பலும் கொண்டை ஊசி வளைவும்

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் கப்பலில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. மேட்டுப்பாளையம் பாதையில் தினம் போய் வந்தாலும் வாந்தி வராதவர்கள் "நமக்கென்ன" என்று ஏறுவார்கள். வளைவு கண்ணுக்குத் தெரியும், அலை தெரியாது. பஸ்ஸில் டிரைவருக்கு மட்டும் ஏன் குமட்டுவதில்லை? வரப்போகும் திருப்பத்தைக் கண் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. மூடிய ஏ.சி. கப்பலில் உட்கார்ந்து மொபைலைப் பார்த்தால் கண் ஒன்று சொல்லும், உள்காது வேறு சொல்லும்.

இருக்கை கேட்கும்போது கீழ்த்தளம், நடுப்பகுதி அல்லது சற்றுப் பின்னால். முன்முனைதான் அதிகம் தூக்கிப் போடும். அடிவானம் தெரிகிற ஜன்னல் கிடைத்தால் அதையே பாருங்கள். வெறும் வயிறும் கூடாது, நெய் ரோஸ்ட்டும் கூடாது. இரண்டு இட்லி போதும். மலைப்பாதைக்குப் போடுகிற அதே அவோமின் மாத்திரைதான் இதற்கும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன் போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு விழுங்கினால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரவைக்கும் என்பதால் அன்றைக்கு ஸ்கூபா (காற்று சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் முங்குவது) வைக்காதீர்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுத்தான்.

அரசுக் கப்பலில் திறந்த தளத்தில் நிற்கலாம், பறக்கும் மீன் பார்க்கலாம். நேரம் இருந்தால் நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

காதும் சிப்ஸ் பாக்கெட்டும்

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் லவ்டேல் வரும்போது வெடிக்கிற மாதிரி உப்பி நிற்கும். ஊட்டியில் குடித்து மூடிய தண்ணீர் பாட்டில் பர்லியாறு தாண்டும்போது நசுங்கிக் கிடக்கும். ஸ்கூபாவைப் பற்றித் தெரிய வேண்டியதில் முக்கால்வாசி இதற்குள்ளேயே இருக்கிறது.

ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் இரண்டு மணி நேரத்தில் காது எவ்வளவு அழுத்த மாற்றத்தைத் தாங்குகிறதோ, கடலில் வெறும் 2 மீட்டர் இறங்கினால் அவ்வளவும் பத்து வினாடிக்குள் வந்துவிடும். 10 மீட்டர் ஆழத்தில் கரையைவிட இரண்டு மடங்கு அழுத்தம். மலைப்பாதையில் எச்சிலை விழுங்கினால் காது திறந்துவிடும். கடலில் அது போதாது. மூக்கை இரண்டு விரலால் பிடித்து, வாயை மூடி, மெதுவாக மூக்குவழி ஊத வேண்டும். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். இதை வலித்த பிறகு செய்யக் கூடாது. தலை தண்ணீருக்குள் போனதுமே ஒரு முறை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு முறை. வலி வந்துவிட்டால் பலம் கொண்டு ஊதாதீர்கள். கையால் காதைக் காட்டி, அரை மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

நம் ஊரில் சளி பிடிப்பது சாதாரணம். மூக்கடைப்போடு இறங்கினால் காது திறக்காது. சிலர் மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்குவார்கள். மருந்தின் வேகம் தண்ணீருக்கடியில் தீர்ந்துபோனால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும், மேலே ஏறும்போது வலி உயிர் போகும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளையும் கடலில் இறக்க மாட்டார்கள்.

முதல் முறை இறங்குகிறவரை 12 மீட்டருக்கு மேல் ஆழம் கூட்டிப்போகக் கூடாது. நீச்சல் தெரிய வேண்டியதில்லை. பயிற்சியாளர் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட வருவார். ஒருவருக்கு ஒரு பயிற்சியாளரா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று விஷயம் பழக்குவார்கள்: வாயால் மட்டும் மூச்சு, மாஸ்கில் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதித் தள்ளுவது, கை சைகை. கட்டைவிரலை உயர்த்தினால் "சூப்பர்" இல்லை, "மேலே போகணும்" என்று பொருள். சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, ஏன் மேலே கொண்டுவந்துவிட்டார்கள் என்று சண்டை போடாதீர்கள். மூச்சை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அடக்கக் கூடாது. 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். சிப்ஸ் பாக்கெட் ஞாபகம் இருக்கட்டும்.

இனி முக்கியமானது. ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கும், மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், திறந்த சோடா மாதிரி ரத்தத்தில் குமிழியாகக் கிளம்பும். மூட்டுவலி, மரத்துப்போதல், அதற்கும் மேலே போகலாம். ஆகவே ஒரு முறை முங்கினால் 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது ஸ்கூபா பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் விதி. விமானத்துக்குள் அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும். ஊட்டி 7,350 அடி! நாம் நிரந்தரமாக ஒரு விமானத்துக்குள் குடியிருக்கிற மாதிரி. கொடைக்கானலும் 7,000 அடிக்குப் பக்கம்.

அந்தமான் போனால் நடுவில் விமானம் வருவதால் எல்லாருக்கும் இந்த விதி நினைவுக்கு வந்துவிடும். பாண்டிச்சேரியில் காலையில் ஸ்கூபா முடித்து ராத்திரியே காரில் கொடைக்கானலோ குன்னூரோ ஏறுகிறவர்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. 2,000 அடிக்கு மேல் ஏறும் சாலையும் அந்த விதிக்குள் அடக்கம். ஒரு முழு நாள் சமவெளியில் இருந்துவிட்டு ஏறுங்கள். இதனால்தான் மேலே சொன்ன வரிசையில் ஸ்கூபாவை ஹேவ்லாக்கின் முதல் முழு நாளில் வைக்க வேண்டும். கடைசி இரண்டு நாள் நீல் தீவில் நடை, சைக்கிள், போர்ட் பிளேரில் செல்லுலார் சிறை. ஏழு சிறகுகளோடு 1906-ல் கட்டி முடித்த அந்தச் சிறையில் இன்று நிற்பது மூன்று. நடுக் கோபுரத்தின் மேலே ஏறிப் பார்த்தால் ஏழும் எப்படி விரிந்திருக்கும் என்று புரியும்.

ஸ்நார்கல்

மாஸ்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, தண்ணீர் மேலே மிதந்தபடியே கீழே பவளத்தையும் மீனையும் பார்ப்பது. செலவும் குறைவு, ரிஸ்க்கும் குறைவு, என்னைக் கேட்டால் சந்தோஷம் அதிகம். ஹேவ்லாக்கில் எலிஃபண்ட் பீச், நீலில் பரத்பூர். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போங்கள். அமாவாசை வற்றில் பவளத்துக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும், உரசினால் இரண்டு பக்கமும் காயம்.

எல்லாம் மாஸ்க்கில்தான் இருக்கிறது. வாரைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிக் கையை எடுங்கள். விழாமல் நின்றால் அளவு சரி. விழுந்தால் வேறு கேளுங்கள். வாரை இறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது, இறுக்க இறுக்க ஓரம் மடங்கித் தண்ணீர் கூடுதலாகத்தான் வரும். ஓரத்தில் ஒரு முடி சிக்கினாலும் ஒழுகும். மீசைக்காரர்களுக்கு மூக்கடியில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படியாமல் இருக்க எச்சிலைத் தடவி அலசுவது உலக வழக்கம். அருவருப்பாக இருந்தால் ஒரு சொட்டு பேபி ஷாம்பு. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

மலையில் நீச்சல் கற்க வழியில்லை, தண்ணீரின் குளிரே விடாது. ஆனால் ஒரு சின்ன மாஸ்கும் குழாயும் வாங்கி, பெரிய பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் விளாவி முகத்தை முக்கி, வாயால் மூச்சு விட்டுப் பழகலாம். மூன்று நாள், பத்து பத்து நிமிடம். மூளை "தண்ணீருக்குள் மூச்சு விடாதே" என்று அடம்பிடிப்பதை வீட்டிலேயே தீர்த்துவிட்டால் கடலில் கிடைக்கும் அரை மணி நேரம் முழுக்க மீனுக்கு. குழாயில் தண்ணீர் புகுந்தால் "தூ" என்று ஒரே மூச்சில் ஊத வேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கியையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை வந்தால் தளர்வு.

பருத்திச் சட்டை தண்ணீரில் கனக்கும். முழுக்கை நைலான் சட்டையும் லெக்கின்ஸும் வெயிலையும் ஜெல்லி மீனையும் சேர்த்துத் தடுக்கும். வெயில் சுளீர் என்று சுடாது, முதுகு தண்ணீரிலேயே இருப்பதால். ராத்திரிதான் தெரியும். மொபைலுக்கு வாங்கும் தண்ணீர்ப் பையில் முதலில் டிஷ்யூ பேப்பரைப் போட்டு வாளியில் கால் மணி நேரம் அமுக்கி வையுங்கள். காகிதம் காய்ந்திருந்தால் போன் உள்ளே போகலாம்.

கரையில்

அலைகள் உடைந்து வரும் வரிசையில் ஓரிடம் மட்டும் அமைதியாக, நிறம் கொஞ்சம் கருத்துத் தெரிந்தால் குளிக்க நல்ல இடம் என்று தோன்றும். அதுதான் தண்ணீர் உள்ளே திரும்பிப் போகும் வழி. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். அலையாத்திக் காடு, கழிமுகம் பக்கம் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். அங்கே உப்புநீர் முதலை உண்டு, எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு இல்லை. ஊட்டியில் தென்னை கிடையாது, அதனால் சொல்கிறேன்: காய்த்த மரத்தடியில் துண்டை விரித்துப் படுக்காதீர்கள். சாயங்காலம் மணல் ஈ கடிக்கும். சொறிந்தால் ஒரு வாரம் தங்கும், வேப்பெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போங்கள்.

கிளிஞ்சல், பவளத் துண்டு எதையும் எடுத்து வரக் கூடாது. செத்த பவளமும் வனவிலங்குச் சட்டத்துக்குள்தான். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.

பாராடாங் தீவுக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்கு நடுவே போகிறது. வண்டியை நிறுத்துவதும் போட்டோ எடுப்பதும் குற்றம். தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழைகிறவர்களைப் பார்த்து எரிச்சல்படும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பயணத்தையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

போர்ட் பிளேரில் தமிழ் தாராளமாகச் செல்லும். ஹேவ்லாக்கிலும் நீலிலும் வங்காளிகள் அதிகம், இந்தி வேண்டும். இன்னொரு உறவும் உண்டு: 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களைக் கோத்தகிரி, கூடலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் குடியமர்த்தினார்கள் அல்லவா, அப்படி வந்த சில குடும்பங்கள் நிகோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கும் போயின. நிகோபாருக்குச் சுற்றுலாப் பயணிகள் நினைத்தபடி போக முடியாது. அந்தமானுக்கு இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டே தேவையில்லை.

பை

ஸ்வெட்டர் ஒன்று போதும், அதைப் பையின் மேலேயே வையுங்கள். திரும்பும்போது சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து மேலே ஏற அதுதான் வேண்டும். ரொக்கம் கையில் இருக்கட்டும். சின்னத் தீவுகளில் ஏ.டி.எம். குறைவு, சிக்னலும் வரும் போகும், டிக்கெட்டைக் காகிதத்தில் எடுத்துவிடுங்கள். நம் ஊர் மொறுமொறு வர்க்கியை மட்டும் கொண்டு போகாதீர்கள். கடல் காற்றில் ஒரே ராத்திரியில் நமத்து ரொட்டி ஆகிவிடும். டீத்தூள் நம்முடையதே எடுத்துப் போகலாம்.

கடலில் நனைந்த துணியைக் கடைசி நாள் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்த பிறகுதான் பையில் போட வேண்டும். உப்போடு மடித்துக் கொண்டுவந்தால், அந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் மூடுபனியில் அது காயவே காயாது.